பற்றரியில ஓடுற சின்ன அம்பும் (அம்பிளிஃபையர்) ஸ்பீக்கர் பெட்டியும்: முதல்ல இருந்து கடைசி வரைக்கும் செய்யிற முறை

2022 மார்ச் கடைசியில கரண்ட் கட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கட வீடு திருகோணமலையில திருக்கடலூர்ப் பக்கம், இரவில ஃபேன் இல்ல லைட் இல்ல, அதெல்லாம் ஒரு மாதிரிச் சமாளிச்சாச்சு, ஆனா அம்மம்மாவுக்கு விடியக்காலம தேவாரம் கேக்காட்டி அண்டைக்கு நாளே ஓடாது. வீட்டில இருந்த செட் கரண்டில மட்டும் ஓடுற செட். போன்ல போட்டுக் குடுத்தா "தகர டப்பாக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கிடக்கடா தம்பி" எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பித் தந்திடுவா. அதுக்காகத்தான் முதல் பெட்டி செஞ்சன். அதுக்குப் பிறகு சொந்தக்காரருக்கும் கூட்டாளிமாருக்கும் எண்டு ஒம்பது பெட்டி செஞ்சிட்டன், இப்ப நிறையப் பேர் எப்பிடிச் செய்யிறது எண்டு கேக்கிறதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிறன்.

முதல்லயே ஒண்டு சொல்லிப்போடுறன், ஏனெண்டா பெடியள் எல்லாரும் பிழைக்கிற இடம் இதுதான். கடைக்குப் போன உடன கேக்கிற கேள்வி "எத்தின வாட்?" எண்டதுதான். வாட் இல்ல முக்கியம். ஸ்பீக்கரும், அத அடைக்கிற பெட்டியும், கிரவுண்ட் வயர் (பற்றரியின்ட மைனஸோட சேருற பொது வயர்) போற வழியும் சரியா இருந்தா 2 வாட்டே ஒரு வீட்டுக்குக் காணும், இது மூண்டும் பிழையா இருந்தா 50 வாட் போட்டாலும் இரைச்சல்தான் பெருசாக் கேக்கும்.

அம்ப் என்ன செய்யுது

போனில இருந்து வாற சிக்னல் வோல்டேஜ் அப்பிடி ஒண்டும் சின்னன் இல்ல, வொலியூம் முழுக்கக் கூட்டினா கிட்டத்தட்ட 1 வோல்ட் வரைக்கும் வரும், ஆனா அதால கரண்ட் குடுக்க ஏலாது. ஹெட்ஃபோன் எண்டா 32 ஓம், ஸ்பீக்கர் எண்டா 8 ஓம் இல்லாட்டி 4 ஓம், அவ்வளவு கரண்டை இழுத்துக் குடுக்கப் போனால வராது. தண்ணி டாங்கையும் பைப்பையும் நினைச்சுப் பாருங்க, டாங்க்தான் பற்றரி, பைப்பத் திருப்புற கைதான் போன் சிக்னல், அம்ப் எண்டது அந்தப் பைப். கை எப்பிடித் திருப்புதோ அதே மாதிரித் தண்ணி வரும், ஆனா தண்ணி டாங்கில இருந்துதான் வருது. அதாலதான் பற்றரியும் அதில இருந்து வாற வயரும் மெலிஞ்சதா இருந்தா எந்த அம்பும் நல்லாப் பாடாது.

எந்த அம்ப் வாங்கிறது

மூண்டே மூண்டு சொல்லுறன். எல்.எம். 386 எண்டது 8 கால் உள்ள சின்ன ஐ.சி., 4 வோல்டில இருந்து 12 வோல்ட் வரைக்கும் ஓடும், 6 வோல்டில 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கால் வாட்டுக்கு மேல கொஞ்சம் வரும். சத்தம் பெருசா இல்ல, ஆனா சர்க்கிட் எப்பிடி வேலை செய்யுது எண்டு கையால படிக்கிறதுக்கு இதவிட நல்லது இல்ல. அடுத்தது பி.ஏ.எம். 8403, கிளாஸ் டி வகை, 2.5 வோல்டில இருந்து 5.5 வோல்ட் வரைக்கும், விரல் நுனி அளவு போர்ட்டா ரெடியாவே வருது, இடது வலது எண்டு ரெண்டு சனல். பற்றரிப் பெட்டிக்கு இதுதான் சரி, ஏனெண்டா கிளாஸ் டி எண்டா அம்பில சூடாப் போற பவர் குறைவு, பற்றரி நீட்டுக்கு நிக்கும். மூண்டாவது டி.பி.ஏ. 3110, 8 வோல்டுக்கு மேல வேணும், ஒரு சனலுக்கு 15 வாட், கல்யாண வீட்டு முத்தத்தில போடுறதுக்கு அது, முதல் வேலைக்கு வேண்டாம்.

8403க்கு "3 வாட்" எண்டு எழுதியிருப்பான். அது 5 வோல்ட் குடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் போட்டு, சத்தம் 10 வீதம் கிழியிற அளவுக்குக் கூட்டினா வாற கணக்கு. நாங்க லித்தியம் செல்லில 3.7 வோல்ட்தான் குடுக்கப் போறம். பவர் வோல்டேஜின்ட வர்க்கத்தோட போறதால 3.7ஐ 5ஆல பிரிச்சு வர்க்கம் எடுத்தா 0.55, அப்ப பாதிக்குக் கொஞ்சம் மேலதான். பயப்பட வேண்டாம், பவர் பாதியாக் குறைஞ்சா சத்தம் 3 டெசிபெல்தான் குறையும், காதுக்கு அது கொஞ்சம்தான் தெரியும். காதுக்கு ரெண்டு மடங்கா விளங்கோணும் எண்டா கிட்டத்தட்ட 10 டெசிபெல் கூடோணும், அதுக்குப் பவர் 10 மடங்கு வேணும். ஆனா 84 டெசிபெல் (1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்தில வாற சத்தம்) ஸ்பீக்கரை எடுத்துப்போட்டு 90 டெசிபெல் ஸ்பீக்கர் போட்டா, பவர் 4 மடங்கு கூட்டின மாதிரி. வாட்டுக்குக் குடுக்கிற காசை ஸ்பீக்கருக்குக் குடுங்க எண்டு நான் சொல்லுறது இதுக்காகத்தான்.

சாமான் சேர்க்கிறது

8403 போர்ட் 1, டி.பி. 4056 சார்ஜிங் போர்ட் (பாதுகாப்பு ஐ.சி. இருக்கிற வகை, அதில வெளிய போற "அவுட்" பொயிண்ட் ரெண்டும் தனியா இருக்கும்), 18650 செல் 1, அதுக்குக் கூடு 1, 10 கிலோ ஓம் வொலியூம் 1, சுவிச் 1, 1000 மைக்ரோஃபராட் 10 வோல்ட் கப்பாசிட்டர் 1, 1 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் 1, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 4, 3.5 மில்லிமீட்டர் ஜாக், எம்.பி. 3க்கு டி.எஃப். பிளேயர் மினி 1, பட்டன் 2. கொழும்புக்குப் போற ஆள் இருந்தா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில எல்லாம் ஒரே இடத்தில வாங்கலாம், இல்லாட்டி ஆன்லைன்ல. ஒவ்வொரு போர்ட்டிலயும் ரெண்டு வாங்குங்க, ஒண்டு எரிஞ்சா திருப்பி வாற வரைக்கும் வேலை கிடப்பில போயிடும்.

ஸ்பீக்கர் மட்டும் புதுசு வாங்காதீங்க. பழைய பெட்டி டிவியில இருக்கிற கடதாசி ஸ்பீக்கர், நீட்டு முட்டை மாதிரி இருக்கும், அது இப்ப வாற மலிவு ஸ்பீக்கர விட நல்லாப் பாடும். ஆனா டிவிய நீங்க திறக்க வேண்டாம், பிக்சர் டியூபில கரண்ட் கழட்டினாப் பிறகும் உயிர் போற வோல்டேஜ் நிக்கும். ரிப்பேர் கடையில சொன்னா கழட்டித் தருவினம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு அண்ணை எனக்கு நாலு ஸ்பீக்கர் சும்மாவே தந்தவர், "எறியத்தான் வச்சிருந்தனான், கொண்டு போ" எண்டு.

ஸ்பீக்கர் பார்க்கிற முறை. பின்னுக்கு எழுதியிருக்கிற ஓம்ஸப் பாருங்க, 8 ஓம் எண்டா மல்டிமீட்டர்ல 6க்கும் 7க்கும் இடையில காட்டும், அது சரி. சில டிவி ஸ்பீக்கர் 16 ஓம், அதுவும் ஓடும், சத்தம் குறையும். பிறகு டோர்ச் பற்றரி 1.5 வோல்ட் ஒண்ட எடுத்து ரெண்டு காலிலயும் ஒருக்காத் தொட்டு எடுங்க, "டொக்" எண்டு சத்தம் வந்து கோன் (கடதாசிக் கூம்பு) முன்னுக்கு வந்தா, பற்றரியின்ட பிளஸ் தொட்ட கால்தான் ஸ்பீக்கரின்ட பிளஸ், மார்க்கரால புள்ளி வச்சுக்கொள்ளுங்க. அடுத்தது ரெண்டு பெருவிரலாலயும் கோனை ரெண்டு பக்கமும் சமனா மெல்ல அமத்திக் காதுக்குக் கிட்டப் பிடிச்சுக் கேளுங்க. மண் உரசுற மாதிரி "சர்" எண்டு கேட்டா உள்ளுக்குக் கொயில் தட்டுது, காந்த இடுக்கில துரு ஏறியிருக்கு, கடற்கரை வீடுகள்ள கிடந்த ஸ்பீக்கர்ல இது நிறைய இருக்கும். அத விட்டுடுங்க, ஒண்டும் செய்ய ஏலாது.

சோல்டர் வைக்கிறது

இதில கொஞ்சம் நிக்கோணும், ஏனெண்டா "வேலை செய்யுதில்ல" எண்டு என்னட்டக் கொண்டு வாற பத்துப் போர்ட்டில எட்டு சோல்டர் பிழை.

60க்கு 40 ஈயம் வாங்குங்க, நடுவில ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவுற பசை) இருக்கிறது, 183 பாகையில இருந்து உருகத் தொடங்கும். சோல்டர் அயன் நுனி 320, 350 பாகை இருந்தாக் காணும். மலிவு அயன்ல சூடு கட்டுப்படுத்த ஏலாது, அதில நெடுக வச்சுக்கொண்டிருந்தா போர்ட்டில இருக்கிற செப்புத் துண்டே உரிஞ்சு வந்திடும். பிழைக்கிற ஆக்கள் எல்லாரும் செய்யிறது, ஈயத்த அயன்ல உருக்கிக் கொண்டு போய் வயர்ல பூசுறது. அப்பிடிச் செய்தா ஃபிளக்ஸ் வழியிலயே புகையாப் போயிடும், ஈயம் ஒட்டாமக் குந்திக்கொண்டிருக்கும். சரியான முறை, அயன் நுனிய காலும் செப்பும் சேருற மூலையில வைங்க, மனசுக்குள்ள ரெண்டு எண்ணுங்க, ஈயக் கம்பிய மற்றப் பக்கத்தால காலில தொடுங்க, அயன்ல இல்ல. சூடு ஏறியிருந்தா ஈயம் தானா உருகிக் காலச் சுத்தி ஓடும். முதல்ல கம்பிய எடுங்க, பிறகு அயன எடுங்க, ஆடாமப் பிடிங்க. ஆறினாப் பிறகு அது சின்னக் கோயில் கோபுரம் மாதிரிச் சரிவா மினுங்கினா நல்ல ஒட்டு. உருண்டை மணி மாதிரிக் குந்தியிருந்தா, இல்லாட்டி சாம்பல் நிறத்தில பருக்கை பருக்கையா இருந்தா அது குளிர் ஒட்டு, திருப்பிச் சூடாக்கி ஃபிளக்ஸ் கொஞ்சம் தொட்டு வைங்க.

எங்கட ஊர்ல இன்னுமொரு பிரச்சினை இருக்கு. வயர் வாங்கி ஆறு மாசம் வீட்டில கிடந்தா, தோல உரிச்சா உள்ளுக்குச் செம்பு கறுத்திருக்கும், உப்புக் காத்து வயர் நுனியால உள்ளுக்குப் போயிடுது. கறுத்த செம்பில ஈயம் ஒட்டவே ஒட்டாது. நுனியில ரெண்டு மூண்டு அங்குலம் வெட்டி எறிஞ்சுபோட்டுப் பாருங்க, இன்னும் கறுப்பா இருந்தா பிளேடால மெல்லச் சுரண்டி, ஃபிளக்ஸ் வச்சு, முதல்ல வயருக்கு மட்டும் ஈயம் பூசுங்க, பிறகு போர்ட்டில வைங்க. வேலை முடிஞ்சா சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க, ஈயம் உடம்புக்கு நஞ்சு, சின்னப் பிள்ளையள் இருக்கிற மேசையில செய்ய வேண்டாம்.

ஒரு பின்னேரம் எல்.எம். 386

நேர 8403க்குப் போக விரும்பினாப் போகலாம், ஆனா நான் எல்லாருக்கும் சொல்லுறது, ஒரு பின்னேரம் இதச் செஞ்சு பாருங்க எண்டு. ஐ.சி.யில வெட்டு இருக்கிற பக்கம் மேல வரப் பிடிச்சா இடது பக்கம் மேல இருக்கிறது 1, கீழ போய் 4, வலது பக்கம் கீழ இருந்து 5, மேல 8. 2ம் 4ம் கிரவுண்டுக்கு. 6 பற்றரி பிளஸுக்கு, 9 வோல்ட் சதுரப் பற்றரி காணும், 6க்கும் கிரவுண்டுக்கும் குறுக்கால 100 மைக்ரோஃபராட், ஐ.சி.க்கு ஒட்டி. 3 வொலியூமின்ட நடுக்காலுக்கு, வொலியூமின்ட மற்ற ரெண்டு காலும் கீழ 8403க்குச் சொல்லுற மாதிரித்தான். 5ல இருந்து 220 மைக்ரோஃபராட், பிளஸ் பக்கம் ஐ.சி.க்கு, மற்றப் பக்கம் ஸ்பீக்கருக்கு, ஸ்பீக்கரின்ட மற்றக் கால் கிரவுண்டுக்கு. 5ல இருந்தே 10 ஓம் ரெசிஸ்டரும் 47 நானோஃபராடும் வரிசையாக் கிரவுண்டுக்கு, இத விட்டா சில நேரம் காதுக்குக் கேக்காத அலைவரிசையில அம்ப் தானே கத்திக்கொண்டு சூடேறும்.

1க்கும் 8க்கும் இடையில ஒண்டும் போடாட்டி 20 மடங்கு பெருக்கும், 10 மைக்ரோஃபராட் போட்டா 200 மடங்கு. போனுக்கு 20 காணும், 200 மைக்குக்குத்தான். 200ல வச்சு உள்ளுக்கு வாற வயர நீட்டா விட்டா வயரே ஏரியல் மாதிரி வேலை செஞ்சு ரேடியோக் குரல் லேசாக் கேக்கிறதும் உண்டு. எங்கட ஊரே ஒலிபரப்புக்குப் பேர் போன ஊர்தான், ஜெர்மன்காரற்ற டொய்ச்ச வெல்ல ரிலே நிலையம் 1984ல இருந்து திருகோணமலையில இருந்து ஒலிபரப்பி, 2013ல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின்ட கைக்கு வந்தது. அந்தப் பெரிய மரமளவு ட்ரான்ஸ்மிட்டரும் இந்த எட்டுக்கால் ஐ.சி.யும் செய்யிற அடிப்படை வேலை ஒண்டுதான், சின்னச் சிக்னல் பெரிய பவர ஆட்டிவைக்கிறது, எனக்கு அத நினைக்க நினைக்க சந்தோசமா இருக்கும்.

8403 வயர் பண்ணுறது

முதல்ல பற்றரி இல்லாம, பழைய போன் சார்ஜர் 5 வோல்டில ரெஸ்ட் பண்ணுங்க. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியா ரெஸ்ட் பண்ணிப் பார்த்துப்போட்டுத்தான் அடுத்த கட்டம், எல்லாத்தையும் ஒட்டிப்போட்டுச் சுவிச் போட்டா பிழை எங்க எண்டு தேட ஏலாது.

போர்ட்டில பிளஸ், மைனஸ் பார்த்து 5 வோல்ட் குடுங்க, அந்த ரெண்டுக்கும் ஒட்டி 1000 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர், உடம்பில வெள்ளைக் கோடு இருக்கிற பக்கம் மைனஸ். மத்தளம் மாதிரி அடி விழக்குள்ள கரண்ட் ஒரேயடியா இழுபடும், அந்த நேரம் வோல்டேஜ் விழாமத் தாங்கிறது இதுதான். இது இல்லாட்டி அடிக்கு அடி சத்தம் நடுங்கும்.

ஒரு நாளும் 5.5 வோல்டுக்கு மேல குடுக்காதீங்க. நான் ரெண்டாவது பெட்டி செய்யக்குள்ள மோட்டர் சைக்கிள் பற்றரி கிடந்தது, 12 வோல்ட், ஒரு நிமிசம்தானே பாப்பம் எண்டு தொட்டன், ஒரு செக்கன்ல ஐ.சி.யின்ட நடுவில ஓட்டை விழுந்து புகை வந்திட்டு.

ஸ்பீக்கர் வயர் தான் இந்தப் போர்ட்டில எல்லாரும் பிழைக்கிற மற்ற இடம். 386ல ஸ்பீக்கரின்ட ஒரு கால் கிரவுண்டுக்குப் போச்சு, இதில போகக் கூடாது. 8403ல ஒவ்வொரு சனலுக்கும் ரெண்டு வயர், ரெண்டிலயும் சிக்னல் இருக்கு, ஒண்டு மேல போகக்குள்ள மற்றது கீழ போகும். அதால மைனஸ் ரெண்டையும் ஒண்டாச் சேர்க்கக் கூடாது, கிரவுண்டுக்கும் தொடக் கூடாது, பழைய மூண்டு வயர் ஹெட்ஃபோன் ஜாக்குக்கும் இந்த அவுட்புட்டக் குடுக்கக் கூடாது. ஒரே ஸ்பீக்கர் பெட்டி செய்யிறீங்க எண்டா, எனக்குப் பிடிச்சது அதுதான், இடது சனல மட்டும் எடுங்க, வலது இன்புட்டக் கிரவுண்ட் பண்ணுங்க, வலது அவுட்புட்டச் சும்மா விடுங்க. கூடச் சத்தம் வரும் எண்டு ரெண்டு அவுட்புட்டையும் ஒண்டாக் கட்டினா ஐ.சி. போயிடும்.

ஓம்ஸ் கணக்கு சுருக்கமா: 8 ஓம் ரெண்ட அருகருகாப் போட்டா 4, வரிசையாப் போட்டா 16. 4 ஓம் ரெண்ட அருகருகாப் போட்டா 2 ஓம், அது இந்த அம்புக்குத் தாங்காது.

போனின்ட இடதையும் வலதையும் ஒரே சனலுக்குக் கொண்டு வரோணும் எண்டா நேரா முறுக்கிச் சேர்க்காதீங்க, ஒண்டுக்கு ஒண்டு முட்டி போன்ட அவுட்புட் பாடுபடும். ஒவ்வொண்டிலயும் 1 கிலோ ஓம் போட்டு, ரெசிஸ்டருக்குப் பிறகு சேருங்க. ஜாக்கில நுனி இடது, நடு வளையம் வலது, அடிப் பகுதி கிரவுண்ட். மைக் சேர்ந்த நாலு வளைய ஜாக் எண்டா இப்பத்தை போன்கள்ள நுனியில இருந்து எண்ண மூண்டாவதுதான் கிரவுண்ட், அடி மைக்குக்கு.

வொலியூம் தண்டு உங்களப் பார்த்து, கால் மூண்டும் கீழ இருக்கப் பிடிங்க. இடது கால் கிரவுண்டுக்கு, வலது கால்ல சிக்னல் உள்ளுக்கு, நடுக்கால் அம்புக்கு. வாங்கக்குள்ள "ஏ" எண்டு அடிச்ச வொலியூம் கேளுங்க, காதுக்கு ஏத்த மாதிரிச் சீராக் கூடும். "பி" எண்டது கொஞ்சம் திருப்பின உடனயே சத்தம் பாய்ஞ்சு வந்து, மிச்ச முக்கால்வாசியும் மாற்றம் தெரியாது.

பற்றரி

18650 எண்டா 18 மில்லிமீட்டர் தடிப்பு, 65 மில்லிமீட்டர் நீளம், முழுச் சார்ஜில 4.2 வோல்ட். 9900 மில்லி அம்பியர் எண்டு அடிச்சு மலிவா வாற செல்ல நம்ப வேண்டாம், நல்ல செல்லே பெரும்பாலும் 3500க்குள்ளதான் இருக்கும். பழைய லப்டொப் பற்றரியில இருந்து எடுக்கலாம், ஆனா அளந்து 2 வோல்டுக்குக் கீழ கிடக்கிற செல்ல எழுப்பப் பார்க்காதீங்க, உள்ளுக்குப் பழுதாகியிருக்கும், சார்ஜில போட்டா நெருப்புப் பிடிக்கிற ஆபத்து இருக்கு. நல்ல செல்லா எண்டு பார்க்க முழுக்கச் சார்ஜ் பண்ணி ஒரு கிழமை சும்மா வைங்க, 4.1க்குக் கிட்ட நிண்டா எடுங்க, 4க்குக் கீழ விழுந்தா விடுங்க.

செல்லுக்கு நேரா சோல்டர் வைக்காதீங்க, சூடு உள்ளுக்குப் போகும், கூடு வாங்கிப் போடுங்க. கூட்டின்ட பிளஸ், மைனஸ் 4056 போர்ட்டில பற்றரி எண்டு போட்டிருக்கிற ரெண்டுக்கும், அம்புக்குப் போற வயர் அவுட் எண்டு இருக்கிற ரெண்டுக்கும். பற்றரிப் பொயிண்டில இருந்தே நேரா அம்புக்கு எடுத்தா பாதுகாப்பு வேலை செய்யாது, செல் அடிமட்டம் வரைக்கும் வடிஞ்சு செத்துப் போயிடும். செல்ல மாறிப் போட்டா போர்ட் அந்த இடத்திலயே போயிடும், அதால கூட்டில சிவப்பு மார்க்கரால பெருசா அடையாளம் போடுங்க.

4056 வரக்குள்ளயே 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோட வரும், அது 1 அம்பியர்ல சார்ஜ் பண்ணும். சின்னச் செல், பழைய செல் எண்டா அதக் கழட்டி 2.4 கிலோ ஓம் போடுங்க, 500 மில்லி அம்பியராக் குறையும். பாட்டுப் போட்டுக்கொண்டே சார்ஜ் பண்ணுறதையும் தவிருங்க, பாட்டுக்குப் போற கரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு செல் இன்னும் நிறையல்ல எண்டு போர்ட் நினைச்சுக்கொண்டிருக்கும். என்ட பெட்டி சாதாரணச் சத்தத்தில 150 மில்லி அம்பியருக்குக் கிட்ட இழுக்குது, 2000 மில்லி அம்பியர் செல்லில 12, 13 மணித்தியாலம் ஓடும், ஒரு பகல் முழுக்கக் கரண்ட் கட் எண்டாலும் தாங்கும்.

போன் இல்லாமப் பாட

அம்மம்மாவுக்குப் போன் தெரியாது, அதால டி.எஃப். பிளேயர் மினி. எட்டு எட்டாப் பதினாறு கால், 3.2ல இருந்து 5 வோல்ட், 32 ஜி.பி. வரைக்கும் மெமரி கார்ட், கார்ட ஃபட் 32ல ஃபோர்மட் பண்ணோணும். கார்ட் போடுற வாய் மேல வர வச்சு அடையாளம் பார்த்தா இடது மேல முதல் கால் பவர், 7 கிரவுண்ட். 4ம் 5ம் சிக்னல் வெளிய வாற கால், ரெண்டையும் 1 கிலோ ஓம் போட்டுச் சேர்த்து, 1 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் ஒண்டால வொலியூமுக்கு விடுங்க. மற்றப் பக்கம் கீழ இருந்து 9, 10, 11 வரும், 10 கிரவுண்ட். 9க்கும் கிரவுண்டுக்கும் ஒரு பட்டன், 11க்கும் கிரவுண்டுக்கும் ஒரு பட்டன். 11 தட்டினா அடுத்த பாட்டு, அமத்திப் பிடிச்சா சத்தம் கூடும், 9 தட்டினா முந்தின பாட்டு, பிடிச்சா சத்தம் குறையும். மைக்ரோ கன்ட்ரோலர் ஒண்டும் வேண்டாம்.

ஒரு விசயம் ஒருத்தரும் சொல்ல மாட்டினம், பாட்டு ஓடுற ஒழுங்கு பேர் வரிசையில இல்ல, கார்டுக்கு எந்த ஒழுங்கில கொப்பி பண்ணினீங்களோ அந்த ஒழுங்கில. அதால கார்ட ஃபோர்மட் பண்ணிப்போட்டு ஒவ்வொண்டா, எது முதல் வரோணுமோ அத முதல் கொப்பி பண்ணுங்க. அம்மம்மாட பெட்டியில முதல் அஞ்சும் சம்பந்தர் பாடின கோணேசர் பதிகத்தில இருந்துதான், பிறகுதான் மற்றது.

இரைச்சல் வந்தா

சத்தத்தின்ட குணத்தக் கேட்டுப் பிழையக் கண்டுபிடிக்கலாம். "ம்ம்ம்" எண்டு தாழ்ந்த குரல்ல மூளுதா, அது மின்சார மூளல், எங்கட கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சார்ஜர் வழியா வந்தா 100லயும் கேக்கும். சார்ஜரக் கழட்டிப் பற்றரியில மட்டும் போடுங்க, நிண்டா சார்ஜர்தான் பிழை. நிக்காட்டி வொலியூம் தண்டக் கையால தொடுங்க, தொட மூளல் குறைஞ்சா வொலியூமின்ட உலோக உடம்பக் கிரவுண்டோட சேருங்க, அவ்வளவுதான்.

"கீச்" எண்டும் "டிக் டிக்" எண்டும் வந்தா, அதுவும் புளூடூத் போர்ட் சேர்த்தாப் பிறகு வந்தா, அது கிரவுண்ட் வழிப் பிரச்சினை. அம்ப் இழுக்கிற பெரிய கரண்டும் புளூடூத்தின்ட சின்னச் சிக்னலும் ஒரே மெல்லிய கிரவுண்ட் வயரால வருது, அந்த வயர்ல விழுற சின்ன வோல்டேஜும் சிக்னலோட சேர்ந்து பெருசாகிடுது. எல்லாக் கிரவுண்டையும் ஒரே இடத்துக்கு, 4056ன்ட அவுட் மைனஸுக்கு, தனித்தனி வயரால கொண்டு வாங்க, ஒண்டில இருந்து மற்றதுக்குத் தொடுத்துக்கொண்டு போக வேண்டாம். இதிலயே முக்கால்வாசி போகும். அப்பிடியும் போகாட்டி புளூடூத் போர்ட்டுக்கு பி. 0505 எஸ். எண்ட தனிமைப்படுத்தின பவர் மொடியூல் போடுங்க, அது 5 வோல்ட வாங்கிக் கிரவுண்ட் தொடர்பே இல்லாத வேற 5 வோல்டாக் குடுக்கும். செல் 3.7தான் எண்டதால அதுக்கு முன்னால 5 வோல்டுக்கு ஏத்திற சின்னப் போர்ட்டும் வேணும்.

பெட்டி

இதத்தான் நான் முதல்லயே சொன்னன். ஒருக்கா இதச் செஞ்சு பாருங்க: ஸ்பீக்கரைச் சும்மா மேசையில வச்சுப் பாட விடுங்க, கீச்சுக் குரல்தான், மத்தளம் இல்ல. இப்ப ஒரு பெரிய காட்போர்ட் மட்டைய எடுத்து ஸ்பீக்கர் அளவுக்கு நடுவில வட்டம் வெட்டி, ஸ்பீக்கரின்ட முகத்த அதில ஒட்டிப் பிடிங்க. பாடிக்கொண்டிருக்கக்குள்ளயே அந்த இடத்திலயே தாழ்ந்த சத்தம் வந்து விழும். கோன் முன்னுக்கு வரக்குள்ள முன் காத்துத் தள்ளுப்படும், பின் காத்து இழுபடும், ரெண்டும் ஓரத்தால சுத்தி வந்து ஒண்ட ஒண்டு அழிச்சுப்போடுது, மட்டை அந்த வழிய மறிக்குது. இதச் செஞ்சு காட்டினா வாற பெடியள் ஒருத்தரும் பிறகு பெட்டிய அலட்சியம் பண்ணுறதில்ல.

3, 4 அங்குல ஸ்பீக்கருக்கு உள்ளளவு 3ல இருந்து 5 லீட்டர் காணும், 20 சென்டிமீட்டர் உயரம், 15 அகலம், 13 ஆழம் எண்டா 4 லீட்டர் கிட்ட வரும். 12 மில்லிமீட்டர் பிளைவுட், மூலையெல்லாம் பசை, உள்ளால சிலிக்கன். பிஸ்கட் டின் வேண்டாம், தகரம் கூடச் சேர்ந்து அதிரும். ஓட்டை வச்ச பெட்டி இன்னும் நல்லாப் பாடும் எண்டுவினம், அது ஸ்பீக்கரின்ட கணக்குத் தெரிஞ்சா மட்டும், கழட்டின ஸ்பீக்கருக்கு முழுக்க அடைச்ச பெட்டிதான் நம்பிக்கை. உள்ளுக்கு இலவம் பஞ்சு ரெண்டு கைப்பிடி, இறுக்கி அடைக்காம உதிர்த்து விடுங்க, பழைய தலாணியில இருக்கிறதே காணும், பெட்டிக்குள்ள மோதித் திரும்புற சத்தம் அடங்கி, குரல் தெளியும். பஞ்சு போர்ட்டில படாம நடுவில ஒரு மட்டை வைங்க.

உப்புக் காத்துக்கு

கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள் இதையும் செய்யோணும். எல்லாம் ரெஸ்ட் பண்ணி ஓடுது எண்டு தெரிஞ்சாப் பிறகு, போர்ட்டுகள ஐசோபுரோப்பைல் அல்ககோல்ல துடைச்சு, காய்ஞ்சாப் பிறகு நிறமில்லாத நெயில் பொலிஷ் ரெண்டு தரம் பூசுங்க. கார்ட் வாய்க்கும், யூ.எஸ்.பி. வாய்க்கும், ஜாக்குக்கும், வொலியூமுக்கும் படக் கூடாது. ஆணி பித்தளை இல்லாட்டி துருப்பிடிக்காத எஃகு, சாதாரண ஆணி ஒரு மாரிக்குத்தான் நிக்கும்.

பின் பலகைய மட்டும் பசை போட்டு ஒட்டாதீங்க. ஓரத்தில மெல்லிய ரப்பர் பட்டி ஒட்டி ஆறு ஆணியால பூட்டுங்க, ஏனெண்டா வாடைக் காத்து முடிஞ்சு தை மாசியில ஒருக்காத் திறந்து, ஜாக்கையும் செல் கூட்டின்ட ஸ்பிரிங்கையும் அல்ககோல்ல துடைக்க வேண்டி வரும், பச்சை பிடிச்சிருக்கிறது முதல்ல அந்த ஸ்பிரிங்கிலதான். அம்மம்மாட பெட்டிய இந்த வருசமும் திறந்தன், ஸ்பிரிங் மட்டும்தான் மாத்தினது, செல்லில நான் எழுதி வச்ச 2022 இன்னும் அழியல்ல.